வானத்தில் இருந்தே தூசி அளக்கலாம்! புதியம்புத்தூர் காற்றுக்கும் கணக்கு உண்டு

புதியம்புத்தூர்,

கண்ணுக்கே தெரியாத நுண்தூசியை செயற்கைக்கோள் மூலம் கணக்கிடும் முறை வந்துவிட்டது. அளவுக்கருவி இல்லாத கிராமத்துக்கும் இதில் கணக்கு கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கை எந்த அளவு நம்பலாம்? இதோ விவரம்.

எமனாகும் தூசி

கரிசல் காட்டில் காற்று அடித்தால் கண்ணில் விழுவது பெரிய தூசி. அதில் பெரும்பகுதி மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். தலைமுடியின் தடிமனில் 30-ல் ஒரு பங்கு இருக்கும் நுண்தூசிதான் ஆபத்தானது. அது நேராக நுரையீரலுக்குள் போய், ரத்தத்திலும் கலந்து, இதயத்தையும் பாதிக்கும். நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம், லாரி புகை, குப்பை எரிப்பு, விறகு அடுப்பு என எல்லாவற்றில் இருந்தும் இது வருகிறது.

ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டு சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009-ல் மத்திய அரசு வரம்பு வைத்தது. உலக சுகாதார நிறுவனமோ 5-ஐத் தாண்டக்கூடாது என்று 2021-ல் சொல்லிவிட்டது.

ஊருக்கு ஊர் கருவி இல்லை

காற்று சுத்தமில்லாத நகரங்களுக்காக 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசிய சுத்தமான காற்று திட்டத்தை அறிவித்தது. அந்தப் பட்டியலில் தூத்துக்குடியும் இருக்கிறது. நகரத்தில் அளக்க கருவி உண்டு. ஆனால் காற்றுக்கு ஊர் எல்லை கிடையாது. பக்கத்து கிராமங்களில் பெரும்பாலும் கருவியே கிடையாது. அங்கே இருப்பவர்கள் எதை சுவாசிக்கிறார்கள் என்று எப்படி தெரியும்?

இங்கேதான் செயற்கைக்கோள் வருகிறது. அமெரிக்காவின் நாசா 1999-ல் டெர்ரா, 2002-ல் அக்வா என்ற செயற்கைக்கோள்களை அனுப்பியது. சுமார் 700 கி.மீ. உயரத்தில் இருந்து, சூரிய ஒளியை காற்றில் உள்ள தூசி எவ்வளவு சிதறடிக்கிறது என்று இவை பார்த்தன. தூசி கூடக்கூட வானம் மங்கும். அந்த மங்கலை வைத்துத்தான் கணக்கு.

கட்டிங் மாஸ்டர் கணக்கு

ரெடிமேடு துணிக்குப் பெயர் போன புதியம்புத்தூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அனுபவப்பட்ட கட்டிங் மாஸ்டர் ஆளைப் பார்த்தே சட்டை அளவைச் சொல்லிடுவார். எப்படி? பல வருஷமா ஆயிரக்கணக்கான பேரை டேப் வைத்து அளந்த பழக்கம்தான்.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான் நடத்துகிறார்கள். கருவி உள்ள ஊர்களின் தரை அளவு, அதே நாளில் வானத்தில் தெரிந்த மங்கல், காற்றின் வேகம், ஈரப்பதம், வெயில், ரோடு எல்லாவற்றையும் கொடுக்கிறார்கள். எது எதோடு எப்படிச் சேர்ந்து வருகிறது என்று அது பழகிக்கொள்கிறது. பிறகு கருவி இல்லாத ஊருக்கும் ஒரு எண் சொல்கிறது. சில ஊர்களின் அளவை மறைத்து வைத்து, சரியாகச் சொல்கிறதா என்று பரீட்சையும் வைப்பார்கள்.

டெல்லி ஐ.ஐ.டி. குழுவினர் 2000 முதல் 2019 வரை நாடு முழுவதும் ஒரு கி.மீ.க்கு ஒரு கட்டம் என செயற்கைக்கோள் மூலம் கணக்கு தயாரித்தனர். இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து கம்ப்யூட்டரைப் பழக்கி 2008 முதல் 2020 வரை தினசரி கணக்கு போட்டனர். அதை வைத்து 655 மாவட்டங்களின் இறப்பு விவரத்தை ஆராய்ந்த முடிவு 2024-ல் வெளியானது. நுண்தூசி 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 8.6 சதவீதம் கூடுகிறது என்பதே அந்த அதிர்ச்சி முடிவு.

எங்கே தப்பு வரும்?

மேகம் மறைத்தால் செயற்கைக்கோளுக்கு தரை தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நம்ம பக்கம் கணக்கில் ஓட்டை விழும். இந்த இரண்டும் தூசி பார்த்தது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான். ராத்திரி விடும் புகையை நேரில் பார்க்காது. தையல் கூடத்துக்குள் பறக்கும் பஞ்சுத் தூசியும், அடுப்படிப் புகையும் அதற்குத் தெரியாது.

பெரிய சிக்கல் இன்னொன்று. மாஸ்டர் இதுவரை அளக்காத உடம்புவாகு உள்ள ஆள் வந்தால் அளவு தப்பும். கருவிகள் அதிகம் இருப்பது பெரிய நகரங்களில். அந்த அளவை வைத்துப் பழகிய கம்ப்யூட்டர், கடல் காற்றும் கரிசல் புழுதியும் கலந்த ஊரில் தவறலாம். அதோடு, எவ்வளவு தூசி என்றுதான் இது சொல்லும். யாருடைய புகை என்று தனித்துச் சொல்லாது. எனவே இந்தக் கணக்கை மட்டும் காட்டி ஒரு ஆலை மீது குற்றம் சாட்டவும் முடியாது, ஒரு ஆலை தப்பிக்கவும் கூடாது.

மக்கள் என்ன செய்யலாம்?

கருவி வைக்காத ஊரில் எங்கே கருவி வைக்கணும் என்று காட்ட இந்தக் கணக்கு நல்ல ஆதாரம். கிராமசபையில் இதைச் சொல்லி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் தரையில் அளக்கக் கோரலாம். கருவி உள்ள ஊர்களின் காற்று நிலவரத்தை மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியில் செல்போனிலேயே பார்க்கலாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் குப்பை எரியும் இடத்தில் நிற்கவே கூடாது.