வட்டத்தில் ஓர் இடம்

பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கண்யார்களியில் ‘வட்டக்களி’ என்றொரு பகுதி உண்டு. விளக்கைச் சுற்றி வட்டமாக ஆடுவர். பாட்டில் தமிழும் கலந்து வரும். இடுக்கியில், மூணாறுத் தோட்டங்களில் நம் பெண்கள் கொட்டும் கும்மியும் வட்டம்தான்.

“பாட்டியால ஆட முடியுமா?” என்கிறோம். கும்மிக்குக் குதிக்க வேண்டாம். கை தட்டணும், கால் தப்பக்கூடாது, அடுத்த வரி நினைவிருக்கணும், முன்னால் போகிறவரையும் கவனிக்கணும். உடம்பு, நினைவு, துணை மூன்றும் ஒருசேர இயங்குகின்றன.

அமெரிக்காவில் ஜோ வர்கீஸ் குழுவினர் 75 வயது கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2003இல் ஆய்வு வெளியிட்டனர். உடலசைவுப் பொழுதுபோக்குகளில் ஆடியவர்களிடம் மட்டுமே டிமென்ஷியா எனும் மறதிநோய் குறைவாகத் தெரிந்தது. ஆடினால் நோயே வராது என்று இதற்குப் பொருளில்லை. நினைவு தெளிவாக இருந்தவர்களே ஆட வந்திருக்கலாம். ஆனால் வட்டத்தில் நிற்பவருக்குத் தனிமை இல்லை; அது கண்கூடு.

நம் விழாக்களில் பெரியவங்களுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். அறுபது கடந்த நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். மரியாதைதான், ஆனால் வெறும் பார்வையாளர் ஆகிவிடுகிறோம். வருகிற பொங்கலுக்கு வட்டத்தில் ஓர் இடம் விடுங்கள். நிற்க முடியாதவர் நாற்காலியிலிருந்தே கை கொட்டி, பாட்டை எடுத்துக் கொடுக்கட்டும். பல வரிகள் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன.