பிடியரிசிக் கணக்கு

ஒரு கைப்பிடி அரிசியைத் தராசில் போட்டால் 40 முதல் 50 கிராம் வரை நிற்கும். உலை வைக்கும்போது சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபை வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். கலயம் நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் கொட்டுவார்கள். சபையின் வரவு செலவு அறிக்கையில் இது கடைசி வரிகளில் எங்கோ கிடக்கும். அந்த வரியைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம்.

வேளைக்கு 50 கிராம், நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்தால் 100 கிராம். ஓராண்டுக்கு 36.5 கிலோ. 200 வீடு உள்ள ஒரு நடுத்தரச் சபையில் எல்லா வீடும் கொடுத்தால் 7,300 கிலோ, அதாவது ஏழு டன்னுக்கு மேல். கிலோ 50 ரூபாய் என்றால் 3,65,000 ரூபாய்.

இது காகிதக் கணக்கு. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால் நிலவரம் வேறு. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, புழுங்கல் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கலப்பரிசியை யாரும் பொன்னி விலைக்கு எடுக்க மாட்டார்கள். கிலோ 30 ரூபாய் தேறினால் பெரிது. அப்போது 7,300 கிலோவுக்கு 2,19,000 ரூபாய், மாதத்துக்கு 18,250. இலவசமாகக் கிடைக்கும் ரேஷன் அரிசியைக் கலயத்தில் போட்டுவிட்டுப் பொன்னியைப் பானையில் போடுகிற வீடுகளும் உண்டு. காணிக்கை என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு ரேஷன் அரிசியை வெளியில் விற்பது குற்றம். அப்படிப்பட்ட வீடுகள் பிடிக்கு ஒன்றரை ரூபாய் என்று உண்டியலில் போட்டுவிடுவதே மேல்.

மாதம் 18,250 என்பது சின்னத் தொகையாகத் தெரியலாம். வட இந்தியக் கிராமம் ஒன்றில் ஊழியம் செய்யும் ஒரு மிஷனரி குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தால், சம்பளம் போக 3,250 ரூபாய் பயணச் செலவுக்கு மிஞ்சும். ஆக, 200 வீட்டுக் கலயங்கள் சேர்ந்தால் ஒரு மிஷனரி. நூற்றுக்கு 60 வீடுதான் கொடுக்கிறது என்றால் மாதத்துக்கு 10,950. மிஷனரி மாதக் கடைசி எட்டு நாளைக் கடனில் ஓட்டுவார்.

இந்தப் பக்கத்துச் சபைகளின் சரித்திரமே இரண்டு பத்திகள் கொண்ட ஒரு பேரேடுதான். ஒரு பத்தி சீமையிலிருந்து வந்த பணம், இன்னொன்று ஊர்க்காரர்கள் போட்டது. ஆங்கிலிக்கன் சபைக்குள் இருந்த சுவிசேஷப் பற்றாளர்கள், 16 குருமாரும் 9 சபையாருமாக 25 பேர், 1799 ஏப்ரல் 12 அன்று லண்டனில் ஒரு சத்திரத்தில் கூடித் தொடங்கியது சி.எம்.எஸ். சங்கம். அவர்கள் அனுப்பிய ஜெர்மானியர் ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1835-ல் ஆங்கிலிக்கன் குருத்துவ முறைகளைக் குறைகூறி எழுதியதற்காகச் சங்கம் அவரை விலக்கியது. அந்தப் பதினைந்து ஆண்டில் சபையில் சேர்ந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

பத்தாயிரம் பேர் சேர்ந்தால் முதல் செலவு எது? கோயிலோ சம்பளமோ என்று நினைப்போம். நிலம்தான் முதல் செலவு. மதம் மாறியவர்களைப் பண்ணையார் தன் மனையிலிருந்து கிளப்பிவிட்டால் குடிசை போட இடம் வேண்டும். அதற்காக 1830-ல் ரேனியஸ் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். சபையார் போட்ட காசில் நிலம் வாங்கிக் குடியேற்றுவது அதன் வேலை. பிரஷ்யப் பிரபு தோனா அனுப்பிய பணத்தில் எழுந்த டோனாவூர் முதல் பத்தியில் வரும். தர்ம சங்கம் வாங்கிய மனைகள் இரண்டாம் பத்தியில் வரும். இரண்டாம் பத்தி சிறியதுதான். ஆனால் நிலமில்லாதவர்கள் இன்னும் நிலமில்லாத ஒருவனுக்காகப் போட்ட காசு அது.

நிலத்துக்குப் பிறகுதான் கோயில். மெஞ்ஞானபுரம் பவுலின் ஆலயம் 1847-ல் பிரதிஷ்டையானது. கோபுரம் முடிந்தது 1868-ல். 192 அடி, அடுக்குமாடிக் கணக்கில் 19 மாடி. இடையில் 21 ஆண்டு. செம்மண் தேரிக்காட்டில் இவ்வளவு உயரம் எதற்கு என்று அப்போதே யாராவது கேட்டிருப்பார்கள்.

1903 பிப்ரவரி 12-ஐ இந்தப் பேரேட்டில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம்; சீமைப் பணத்துக்குப் பத்தியே கிடையாது. முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, அப்போது வயது 28. நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல் பகுதியைச் சங்கம் ஊழியத்துக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்ச் சபைகளின் காசில் தெலுங்கு மக்களிடம் வேலை. 1909-ல் அசரியாவே அங்கே போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார், 38 வயதில். சங்கம் தொடங்கிப் பத்து ஆண்டுகூட ஆகவில்லை. பெரிய நன்கொடையாளர்களை நம்பி இப்படி ஒரு சங்கத்தை அன்று நடத்தியிருக்க முடியாது. அத்தகையவர்கள் நம் சபைகளில் அன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தார்கள்.

பழைய பேரேட்டை மூடிவிட்டு இன்றைய பண்டிகை ஏலத்துக்கு வருவோம். அறுப்பின் பண்டிகை அன்று கோயில் வளாகத்தில் வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், சேவல், முட்டை, அச்சு முறுக்கு எல்லாம் வரிசையாக இருக்கும். மைக்கைப் பிடித்தவர் ஒரு தேங்காயைத் தூக்குவார். சந்தையில் 30 ரூபாய்த் தேங்காய். நூறில் தொடங்கி, இருநூறு, முந்நூறு என்று ஏறும். "அண்ணாச்சி, ஐநூறுக்கு நிக்குது, விட்டுராதீய! ஒரு தரம், ரெண்டு தரம்..." மூன்றாம் தரத்தில் 500-க்கு எடுத்தவர் தேங்காயைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம், 400. இன்னொரு தரம், 300. ஆக 1,200 ரூபாய், அதாவது 40 தேங்காய் விலை.

ஒரு வீட்டின் ஓராண்டுப் பிடியரிசி 36.5 கிலோவை 30 ரூபாய்க்கு விற்றால் 1,095. ஒரே தேங்காய் ஐந்து நிமிடத்தில் அதைத் தாண்டிவிட்டது. இதைக் காட்டித்தான் பல கமிட்டிக்காரர்கள் கலயத்தைக் கைகழுவுகிறார்கள்: "அரிசியைச் சுமந்து, விற்று, எலி தின்றது போக மிச்சத்தைக் கணக்கு எழுதி... எதுக்கு இந்தப் பாடு?"

அவர்கள் பார்க்காத எண்கள் இரண்டு. முதலாவது, ஏலத்தில் கடைசி வரை நிற்கிற கைகள். பெரிய சபையிலும் பத்துப் பதினைந்து குடும்பத்தைத் தாண்டாது. சென்னையில் கடை வைத்திருப்பவர், மும்பையிலிருந்து பண்டிகைக்கு வந்தவர், வளைகுடாவில் பிள்ளை வேலை பார்க்கிற வீட்டார். அவர்களில் மூன்று பேர் ஒரு வருஷம் ஊருக்கு வராவிட்டால் வரவு படுத்துவிடும். கலயத்தில் 200 வீடு. பத்து வீடு விட்டுப்போனால் நூற்றுக்கு ஐந்துதான் குறையும். இரண்டாவது, நிலுவை. ஏலத்தில் கூவிய தொகை எல்லாம் அன்றே கைக்கு வராது. பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த பண்டிகைக்குள் கட்டச் சொல்வார்கள். மேடையில் அறிவிப்பது கூவிய தொகை. வங்கிக்குப் போவது கட்டிய தொகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக்கையில் தனி வரியாகப் போடுகிற பொருளாளர் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

அசனம், அதாவது பண்டிகையில் எல்லாருக்கும் போடும் பொது விருந்து, முழுக்கச் செலவுப் பத்தி. 5,000 பேர் பந்தியில் உட்காருகிற ஓர் அசனத்துக்கு நான் போட்ட கணக்கு இது. தலைக்கு 120 கிராம் அரிசி என்றால் 600 கிலோ. 55 ரூபாய் வீதம் 33,000. ஆட்டுக்கறி தலைக்கு 100 கிராம், 500 கிலோ. ஒரு கிடாய்க்கு 12 கிலோ கறி தேறினால் 42 கிடாய். கிலோ 850 வீதம் 4,25,000. மசாலா, எண்ணெய், தேங்காய், காய்கறி 60,000. விறகு 12,000. இலை 5,000-க்கு 4 ரூபாய் வீதம் 20,000. தவசிப்பிள்ளை கூலி, அண்டா வாடகை, பந்தல் 70,000. மொத்தம் 6,20,000. ஓர் இலைக்கு 124 ரூபாய். மூன்றில் இரண்டு பங்கு கறிக்கே போகிறது.

மேலே சொன்ன மிஷனரி சம்பளத்தில் வைத்தால் இது மூன்று பேருக்கு ஓராண்டுச் சம்பளம், கொஞ்சம் மிச்சமும் உண்டு. பிடியரிசியில் சொன்னால் சுமார் 570 வீடு ஓராண்டு போட்ட கலயம், ஒரே நாளில் இலையில். அதற்காக அசனத்தை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். ஏழையும் பணக்காரனும், உள்ளூரும் வெளியூரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே குழம்பைத் தின்கிற இடம் இந்தப் பக்கத்தில் வேறு எத்தனை இருக்கிறது? கிடாயும் அரிசி மூட்டையும் பெரும்பாலும் பொருத்தனையாக, அதாவது நேர்ந்துகொண்டதாக, வருகிறவை. சபை நிதியில் கை வைப்பதில்லை என்றும் சொல்வார்கள். சரிதான். பொருத்தனைக் கிடாய்க்கும் விலை உண்டு. அதையும் வரவில் எழுதிச் செலவில் எழுத வேண்டும். எழுதாத கிடாய் எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

சபைகளை ஆளும் திருமண்டலத்தின் தேர்தலுக்கு ஆகிற செலவை இந்தக் கணக்கில் சேர்க்க வழியே இல்லை. அது எந்தச் சபை நோட்டிலும் ஏறுவதில்லை. 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் பாரம்பரியம் அதில் கலந்தது. 2003-ல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமானது. மண்டலம் இரண்டானதில் பதவிகளும் இரு மடங்காயின. போட்டியும் வழக்கும் குறையவில்லை.

நோட்டில் ஏறுகிற கணக்கையாவது கேட்போம். வருகிற சபைக் கூட்டத்தில் எழுந்து நான்கு எண்களைக் கேளுங்கள்: போன பண்டிகை ஏலத்தில் கூவியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, அசனத்தில் ஓர் இலைக்கு விழுந்த செலவு எவ்வளவு, நம் சபை முழுச் சம்பளம் கொடுத்துத் தாங்குகிற மிஷனரிகள் எத்தனை பேர். பதிலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பொருளாளர் முகம் சுளித்தால், நோட்டை வாங்கி நீங்களே உட்கார்ந்து கூட்டுங்கள்.