துலாவுக்கும் கவணுக்கும் பிறந்த பொறி

5 கிலோ உப்புப் பையை 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தொப்பென்று விழும். அந்தத் தொப்புக்குள் 50 கிராம் ரப்பர் பந்தை மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் எறியும் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதை வெளியே எடுக்கும் வித்தையே எடையால் இயங்கும் கல்லெறி பொறி. ஆங்கிலத்தில் ட்ரெபுஷே என்பார்கள்.

விழும் எடையை வேலை வாங்குவது தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்துக் கரைக்குப் புதிதல்ல. முத்துக் குளித்தவர்கள் கனத்த கல்லைப் பற்றிக்கொண்டுதான் கடலுக்குள் இறங்கினார்கள். கீழே போகும் வேலையைக் கல் பார்த்துக்கொள்ள, அடக்கிய மூச்சு சிப்பி பொறுக்க மிஞ்சியது. கிணற்றடித் துலாவிலும் அதே கதைதான்: ஒரு முனையில் கட்டிய கல் இறங்க, மறுமுனையில் தண்ணீர் ஏறும்.

துலாவின் அச்சை நடுவிலிருந்து தள்ளி வையுங்கள். எடைப்பக்கக் கை 20 சென்டிமீட்டர், எறியும் கை 80. எடை ஒரு பங்கு நகர்ந்தால் மறுமுனை நான்கு பங்கு நகரும். ஆனால் நான்கு மடங்கு வேகம் போதாது. அந்த முனையில், ஏறத்தாழ அதே 80 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கவணைக் கட்ட வேண்டும். தினைப்புனத்தில் கிளி விரட்டிய அதே கவண். துலா சுழலும்போது கவண் அதைவிட விரைந்து வெளியே வீசும். வீசும்போது துலாவின் முனையைப் பின்னுக்கு இழுத்து அதன் வேகத்தைத் தணிக்கும். துலா இழந்தது பந்துக்குப் போய்ச் சேரும்.

இதன் மூத்த வடிவத்தில் எடைக்குப் பதில் ஆட்களே கயிறு இழுத்தார்கள். கி.பி. 711–12இல் சிந்துவின் தேபல் நகரை முகம்மது பின் காசிம் முற்றுகையிட்டபோது, 'மணமகள்' என்று பெயரிட்ட ஒரு பொறியை இயக்க 500 பேர் தேவைப்பட்டதாக அரபு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதியிருக்கிறார். பிறகு ஆட்களின் இடத்தைத் தொங்கும் எடை பிடித்தது. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை அடுக்கும் சிலப்பதிகாரமும் கல்லெறியும் கவணைச் சொல்கிறது.

வீட்டில் செய்ய ரீப்பர் கட்டை, இரும்புக் கம்பி அச்சு, துணித்துண்டு, நூல்கயிறு, ஓர் ஆணி போதும். உப்புப் பையைத் துலாவோடு இறுக்கிக் கட்டாமல் தொங்கவிடுங்கள்; அப்போதுதான் நேர்க்கோட்டை ஒட்டி விழும். கவணின் ஒரு கயிற்றைத் துலா முனையில் முடிந்துவிட்டு, மற்றதன் வளையத்தை அங்கே அறைந்த ஆணியில் மாட்டுங்கள். வளையம் எப்போது நழுவுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னதாக நழுவினால் பந்து வானத்துக்கோ பின்னுக்கோ போகும். தாமதித்தால் எதிரே தரையில் அறையும். ஆணியைச் சற்று வளைத்தால் நழுவல் தாமதமாகும், நிமிர்த்தினால் விரைவாகும். பந்து முன்னோ பின்னோ பாயக்கூடும் என்பதால் பொறிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் விலகி நின்றே இயக்க வேண்டும்.

ஆற்றல் முழுதும் பந்துக்கே போய், அது 45 பாகைச் சாய்வில் கிளம்பினால் 60 மீட்டர் போகும். உராய்வும் காற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதி தூரம் கிடைத்தாலே நல்ல பொறி.

செல்போனில் மெதுவோட்டமாகப் படம் பிடியுங்கள். பார்க்க வேண்டியது பந்தை அல்ல, பையை. பந்து விடுபடும் கணத்தில் பை கிட்டத்தட்ட அசையாமல் தொங்கினால் பொறி சரியாக அமைந்துவிட்டது: தன்னிடம் இருந்ததையெல்லாம் உப்பு கொடுத்துவிட்டது.