எவர்சில்வர் தகட்டில் இழைக்கோடுகள்



மின்தூக்கியின் கதவிலும், உணவு விடுதியின் சமையல் மேடையிலும் பதித்துள்ள எவர்சில்வர் தகட்டைக் கூர்ந்து நோக்கியிருக்கிறீர்களா? அது கண்ணாடிபோல் முகம் காட்டுவதில்லை. மயிரிழை போன்ற கோடுகள் ஒரே திசையில் ஓட, பட்டுத்துணிபோல் அடக்கமாக ஒளிர்கிறது. அக்கோடுகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை இன்று காண்போம்.

எவர்சில்வர் என்பது வெள்ளியன்று, துருவேறா எஃகு. இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால் இவ்வெஃகு அமையும். பெரிதும் வழங்கும் வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் உள்ளன. ஆலையில் இதனைப் பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவர்; மேலே படிந்த செதிலை அமிலத்தால் நீக்குவர்; பின்னர்க் குளிர்ந்த நிலையில் மீண்டும் உருட்டி மெலியச் செய்வர். அதனால் இறுகிய தகட்டை மறுபடியும் சூடேற்றி இளக்குவர்.

இனித்தான் கோடிடும் வேலை. தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளை நீங்கள் அறிவீர்கள். அதையொத்த அகன்ற பட்டை ஒன்று உருளைகளின்மேல் விரைந்து சுழல்கிறது. அலுமினிய ஆக்சைடு அல்லது சிலிக்கன் கார்பைடு மணிகள் அதில் ஒட்டப்பட்டுள்ளன. தகடு அதன்கீழ் நேராக ஊர்ந்து செல்ல, ஒவ்வொரு மணியும் ஒரு நுண்ணிய உழுசால் இடுகிறது. மணியின் பருமனை எண்ணால் குறிப்பர். 120 முதல் 180 வரை பொது வழக்கு. எண் ஏற ஏற மணி சிறுக்கும். தேய்ப்பில் பிறக்கும் சூடு தகட்டைக் கெடுக்காதிருக்க, எண்ணெயையோ எண்ணெய் கலந்த நீரையோ பாய்ச்சுவர். பின் கழுவி, உலர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டுவர்.

ஒளி அக்கோடுகளுக்குக் குறுக்காக மிகுதியாய்ச் சிதறுகிறது. ஆதலால் பிம்பம் மங்குகிறது. சிறு கீறலும் விரல் தடமும் எளிதில் புலப்படுவதில்லை.

"இவ்வளவு கீறினால் துருப்பிடியாதா?" என நீங்கள் வினவலாம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகிறது. கீறினாலும் அது தானே மீண்டும் உண்டாகிக் காக்கிறது.

ஆயினும் ஒரு செய்தி. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் சமையற்கூடத்தில் இத்தகைய தகடுகளைப் பதித்தோம். சில திங்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. போலிச் சரக்கென்று வணிகரை மாணவர் முன்னிலையிலேயே கடிந்துகொண்டேன். மீதிப் பணத்தையும் நிறுத்திவைத்தேன். பட்டறை அனுபவமுள்ள முதியவர் ஒருவர் வந்து பார்த்து, "இதை எதனால் தேய்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இரும்புக் கம்பி நாரால் தேய்த்து வந்தோம். அதன் துகள்கள் கோடுகளில் சிக்கித் துருப்பிடித்திருந்தன, தகட்டின்மேல் குற்றமில்லை. மறுநாள் வணிகரிடம் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அதனை அதே மாணவர் முன்னிலையிலும் கூறினேன்.

இல்லத்தில் இத்தகைய தகடு இருப்பின், மென்துணியில் சோப்பு நீர் தோய்த்து, கோடு ஓடும் திசையிலேயே துடையுங்கள். இரும்பு நாரை அதன் அருகில் கொண்டுசெல்ல வேண்டா.