நஞ்சுக்கொடியும் ஒரு தாயின் கேள்வியும்

பட்டினப்பாக்கம் கடற்கரைக் குடியிருப்பில், ஏழாம் மாதத்தில் பிள்ளையை இழந்த ஓர் இளந்தாயின் வீட்டிற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஜெபிக்கச் சென்றிருந்தேன். இரத்த அழுத்தம் உயர்ந்து, வலிப்புக் கண்டு, தாய் மட்டும் பிழைத்திருந்தாள். "நான் என்ன தப்பு செய்தேன், ஐயா?" என்று கேட்டாள். கிரகணத்தன்று வெளியே போனாள் என்றார் மாமியார். விசுவாசக் குறைவு என்றார் என்னுடன் வந்த சபையார் ஒருவர். யோபின் நண்பர்களைப்போல நான் பேசவில்லை. ஆனால் சொல்லத்தக்க பதிலும் என்னிடம் இல்லை. அப்பதிலின் ஒரு பகுதியை அண்மைக்கால ஆய்வொன்று தருவதால் அதனை இங்கு விளக்க முற்படுகிறேன்.

நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பென்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது பெரும்பாலும் குழந்தையின் உறுப்பு. தாய் தந்தை இருவருடைய மரபணுக்களும் அதில் உண்டு. கருத்தரித்த தொடக்க வாரங்களிலேயே அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள சுருள் தமனிகளை அகன்ற கால்வாய்களாக மாற்றுகின்றன. இப்பணி அரைகுறையாக நின்றால் இரத்தம் வேகமாய்ப் பாய்ந்து நஞ்சுக்கொடியைச் சிதைக்கிறது. பிரீஎக்லாம்ப்சியா என்னும் நோய்க்கு, அதிலும் காலத்திற்கு முந்தி வருவதற்கு, இதுவே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி இந்நோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 46,000 தாய்மார் இறக்கின்றனர். ஏழாம் மாதத்தில் வெளிப்பட்ட கேடு, தான் கருவுற்றிருப்பதை அவள் அறிந்த நாட்களிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

அந்நாட்களில் உள்ளே நடப்பதைக் காண வழியில்லை. எலியின் நஞ்சுக்கொடியோ மனிதருடையதினின்று மிகவும் வேறுபட்டது. இத்தடையைக் கடந்தவர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வில் ஈடுபட்டிருந்த மார்கரிட்டா டர்க்கோ. ஆஷ்லி மொஃபெட், கிரஹாம் பர்ட்டன் முதலியோருடன் சேர்ந்து அவர் நஞ்சுக்கொடிச் செல்களைக் களிம்பு போன்ற ஊடகத்தில் முப்பரிமாண உருண்டைகளாக வளர்த்து 2018இல் வெளியிட்டார். கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை இவ்வுருண்டைகளுக்குக் 'கர்ப்பம்' என்றே விடை காட்டிற்றாம். கர்ப்பகால ஹார்மோனை அவை அத்தனை செவ்வையாய்ச் சுரந்தன. எனினும் அவற்றில் இரத்த ஓட்டம் இல்லை. செல் அடுக்குகளும் உள் வெளியாய்த் திரும்பியிருக்கின்றன. 2024இல் இதே குழுவினர், தாயின் கருப்பையிலுள்ள எதிர்ப்புச் செல்கள் வெளியிடும் பொருள்கள் நஞ்சுக்கொடிச் செல்களின் ஊடுருவலுக்குத் துணைசெய்வதை இம்மாதிரிகளில் கண்டனர். அந்நியனைத் துரத்தும் படை என்று நாம் எண்ணியது வழிகாட்டியாகவும் இருக்கிறது!

இனி, போதகர் தட்டிக்கழிக்க இயலாத ஒரு கேள்வி. 2018ஆம் ஆண்டின் செல்கள், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களின் சம்மதத்தோடு பெறப்பட்டவை. இவ்வுருண்டை ஒருபோதும் சிசுவாகாது. கருவின் உடலாகும் செல்கள் அதில் இல்லை. ஆயினும் மூலத்தைப்பற்றிய உறுத்தல் அதனால் தீர்ந்துவிடாது. கலைப்பு ஆய்வுக்காகச் செய்யப்படவில்லை என்பதும், முடிவெடுத்தபின்னரே சம்மதம் கேட்கவேண்டுமென்பதும் எனக்குப் பெரிய வேறுபாடாகத் தோன்றுகின்றன. அவ்வாறு கருதாத சகோதரர்களை நான் குறைகூறேன். 2022இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கர்ப்பத்தின் பிற்பகுதி நஞ்சுக்கொடிகளிலிருந்தும் இத்தகைய மாதிரிகளை வளர்த்துள்ளனர். ஆனால் நோய் வேர்கொள்ளும் முதல் வாரங்களை அவை எவ்வளவு காட்டும் என்பது வேறு காரியம்.

ஆய்வகத்திலிருந்து மருந்து இன்னும் வரவில்லை. இந்நோய் வரும் அபாயமுள்ள தாய்மாருக்கு 16 வாரத்திற்குமுன் சிறிதளவு ஆஸ்பிரினை மருத்துவர் தொடங்குவதுண்டு. அந்தப் பெண் மறுபடி கருவுற்றபோது, ஜெபித்து முடித்ததும், மூன்றாம் மாதம் முடியுமுன் மருத்துவரிடம் முந்தைய வலிப்பைச் சொல்லிவிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.