இதயத் தமனி நோயின் தீவிரத்தை மதிப்பிடுவதில் இரத்த உயிர்க்குறிப்பான்கள்: பயனும் வரம்பும்

முன்னுரை

இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவு சேர்வதால் உண்டாவது இதயத் தமனி நோயாகும். இந்நோயை மதிப்பிட இரத்தத்தில் அளக்கப்படும் பொருள்கள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படுகின்றன. ‘நோயின் தீவிரம்’ என்னும் தொடர் மூன்று வேறு பொருள்களில் ஆளப்படுகிறது. தமனி எவ்வளவு அடைபட்டுள்ளது என்பது ஒன்று. இதயம் எவ்வளவு பாதிப்புற்றுள்ளது என்பது மற்றொன்று. இனி மாரடைப்பு நேரும் வாய்ப்பு எத்தகையது என்பது மூன்றாவது. ஒவ்வொரு குறிப்பானும் இவற்றுள் எதனைச் சுட்டுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடைப்பின் அளவு

அடைப்பின் அளவு ஆஞ்சியோகிராம் படத்தைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. ஜென்சினி, சின்டாக்ஸ் ஆகிய மதிப்பெண் முறைகள் அடைப்புகளின் இடத்தையும் தன்மையையும் எண்களாக மாற்றுகின்றன. சின்டாக்ஸ் முறையில் 22 வரை குறைந்த நிலை. 23 முதல் 32 வரை இடைநிலை. 33உம் அதற்கு மேலும் உயர்நிலை. இரத்தக் குறிப்பான் எதுவும் இவ்வடைப்பை நேரடியாக அளப்பதில்லை.

இதயத்தின் பாதிப்பு

டிரோபோனின் இதயத் தசையின் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் புரதமாகும். தசைச் செல்கள் சிதையும்போது அது இரத்தத்தில் கலக்கிறது. நலமுடையோரில் 99 விழுக்காட்டினரின் அளவுக்கு உச்ச எல்லையாக அமையும் மதிப்பைக் கடந்து, அடுத்தடுத்த சோதனைகளில் ஏற்றமோ இறக்கமோ காணப்பட்டு, குருதிக்குறைவுக்கான சான்றும் இருந்தால் மட்டுமே அது மாரடைப்பு என 2018ஆம் ஆண்டின் நான்காம் உலகளாவிய வரையறை கூறுகிறது. மூன்று தமனிகளிலும் நெடுநாளாக அடைப்புள்ள ஒருவருக்கு, செல்கள் சிதையாத நிலையில், டிரோபோனின் அந்த எல்லைக்குள் இருக்கலாம். சிறிய படிவு திடீரெனப் பிளந்து குருதி உறைந்தவருக்கு அது பன்மடங்கு உயரலாம். இதயத் தசை அழற்சியிலும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும் அடைப்பின்றியே அது உயர்கிறது.

பி.என்.பி. எனப்படும் ஹார்மோன் 1988இல் பன்றியின் மூளையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. எனினும், அது மிகுதியாகச் சுரப்பது இதயக் கீழறைகளிலேயே. கீழறைச் சுவர் இழுபடும்போது அதன் அளவு கூடுகிறது. முதுமையும் சிறுநீரகக் குறைபாடும் அதனை உயர்த்துகின்றன; உடற்பருமன் தாழ்த்துகிறது.

எதிர்கால வாய்ப்பு

உயர் உணர்திறன் சி-எதிர்வினைப் புரதம் அழற்சியைச் சுட்டுவது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த இடர், 1 முதல் 3 வரை நடுத்தர இடர், 3க்கு மேல் உயர் இடர் எனக் கொள்ளப்படுகிறது. சாதாரணத் தொற்றிலும் இது உயர்வதால் ஒரு முறைச் சோதனை போதாது. முன்னர் மாரடைப்புற்ற 10,061 பேரிடம் நடந்து 2017இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு, எல்.டி.எல். கொலஸ்ட்ராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் குறைத்தாலும் மாரடைப்பு முதலிய நிகழ்வுகள் குறைகின்றன எனக் காட்டியது. ஆயினும், அம்மருந்து பெற்றோரிடம் தொற்றால் நேர்ந்த இறப்புகள் மிகுந்தன.

1963இல் கோரே பெர்க் கண்டறிந்த லிப்போபுரதம்(ஏ) பெரிதும் மரபணுக்களால் தீர்மானிக்கப்படுவது. வாழ்நாளில் அதன் அளவு அதிகம் மாறாததால், பெரும்பாலோர்க்கு ஒரு முறை அளந்தாலே போதும். அது பிறவியிலேயே அமைந்த இடரைக் கூறுவதன்றி, இன்றைய அடைப்பைக் கூறுவதன்று.

முடிவுரை

குறிப்பான்களுக்கும் ஜென்சினி மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்பு காணும் ஆய்வுகள் ஒரு குழுவின் போக்கையே காட்டுகின்றன. அதனைத் தனி நோயாளியின் அடைப்புக்கு அளவுகோலாக்குதல் பொருந்தாது. இத்தகைய ஆய்வுகளில் வயது, சிறுநீரகச் செயல்பாடு, தொற்று, குருதி எடுத்த நேரம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளுதல் இன்றியமையாதது. நெஞ்சுவலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் செய்த ஒற்றைச் சோதனையில் டிரோபோனின் இயல்பாக இருப்பதைத் தமனிகள் நலமாக உள்ளன என்பதற்குச் சான்றாகக் கொண்டால், நோயாளியின் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே, குறிப்பானின் எண்ணைப் படிக்கும் முன், அது எந்த வினாவுக்கு விடை தருகிறது என்பதை வரையறுத்துக்கொள்வதே முதற்படியாகும்.