மாத்திரை போட்ட மூன்றாம் நாள்

"அண்ணே, சளி, காய்ச்சல். ஸ்ட்ராங்கா நாலு மாத்திரை குடுங்க." அருப்புக்கோட்டை மருந்துக் கடைகளில் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தருவார்கள். அந்தத் துண்டில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடினால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளில் அந்தக் கோடு உண்டு. சளிக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதை இந்த மருந்து தொடவே தொடாது.

மூன்றாம் நாள் சிலருக்கு வயிற்றால் போகத் தொடங்கும். "மாத்திரை சூடு" என்பார்கள் பெரியவர்கள். சூடு அல்ல. நோய்க்கிருமியோடு சேர்ந்து குடலின் நல்ல நுண்ணுயிர்களும் சாகின்றன. நமக்குச் செரிக்காத மாவையும் நாரையும் அவைதான் பக்குவப்படுத்துகின்றன. அவை இல்லாதபோது அந்த மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கிறது. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட், செஃபிக்சிம், கிளிண்டாமைசின் போன்றவற்றில் இது கூடுதல்.

பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும். ஆனால் நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை உடம்பில் நீர் குறையக் கூடாது. சித்திரை வெயிலில் இந்தக் கரிசல் காட்டில் வேலை செய்கிறவருக்கு நாக்கு வறள அரை நாள் போதும். ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைத் தூள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினால் உப்பின் அளவு கெட்டுவிடும். திருச்சுழிப் பக்கம் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ச்சி ஆறவைத்த குடிநீர் எடுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராவிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியது இதே உப்புச் சர்க்கரைத் தண்ணீரால்தான்.

கஞ்சி, மோர், தயிர்சாதம் சாப்பிடலாம். சிப்ரோஃப்ளாக்சசின் எடுப்பவர்கள் மட்டும் மாத்திரையை மோரோடு விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பால் பொருள் அந்த மருந்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. டாக்டர் சொன்னால் ப்ரோபயாட்டிக் உதவும்.

காய்ச்சல், கடும் வயிற்று வலி, மலத்தில் ரத்தம், அடிக்கடி நீராகப் போவது: இவை இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் கிருமி பெருகியிருக்கலாம். மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் அது தலைகாட்டும். அதற்குத் தனிச் சிகிச்சை, பெரும்பாலும் வாய்வழி வாங்கோமைசின்.

அப்போது அரசு மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் முதலில் கேட்பது, "என்ன மருந்து சாப்பிட்டீங்க?" நறுக்கிக் கொடுத்த துண்டில் பேர் இல்லாமல் போகலாம். முழு அட்டையும் பில்லும் கேட்டு வாங்குங்கள். காலியானாலும் ஒரு மாதம் பத்திரமாக வையுங்கள்.